பத்தும் ஐந்தரையும்

2022 மார்ச்சில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் எங்கள் ஊர் அணியான சீஹாக்ஸ், ரஸ்ஸல் வில்சனை டென்வர் அணிக்குக் கொடுத்துவிட்டது என்று செய்தி வந்த அன்று, சியாட்டிலில் எங்கள் ஆபீஸ் துக்க வீடு மாதிரி இருந்தது. பத்து வருஷமாக இந்த ஊருக்கு ஆடிய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்; 2013 சீசனில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்துக் கொடுத்தவர். அன்று ராத்திரியே நான் இங்கே எழுதினேன்: சீஹாக்ஸ் இந்த வருஷம் 17 ஆட்டத்தில் நாலு ஜெயித்தால் பெரிய விஷயம், டென்வர் பதினொன்று ஜெயிக்கும். பந்தய நிறுவனங்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லின. சீசன் தொடங்கும்போது டென்வருக்குப் பத்தை ஒட்டி, சியாட்டிலுக்கு ஐந்தரையை ஒட்டி வெற்றி எண் வைத்திருந்தார்கள்.

கடைசியில் சியாட்டில் 9-8, அதாவது ஒன்பது வெற்றி, எட்டுத் தோல்வி; சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்கும் போனது. டென்வர் 5-12.

அன்றிலிருந்து நண்பர்களிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அணி தலைகீழாக மாறியிருந்தாலும் கணக்கை வந்தவர் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். போன சீசனில் அந்த அணி எத்தனை புள்ளி எடுத்தது, எத்தனை கொடுத்தது? அங்கிருந்து தொடங்குங்கள்.

2021-ல் இரண்டு அணியுமே 7-10தான். ஆனால் சியாட்டில் எடுத்தது 395 புள்ளி, கொடுத்தது 366. இத்தனைக்கும் அந்த வருஷம் விரலில் அடிபட்டு வில்சன் மூன்று ஆட்டம் ஆடவில்லை. பத்து ஆட்டம் தோற்ற அணி, எதிராளிகளைவிட 29 புள்ளி அதிகம் எடுத்திருக்கிறது என்றால் அது மோசமான அணி இல்லை. நெருக்கமான ஆட்டங்களைக் கோட்டைவிட்ட அணி. அந்த எண் என் கண்முன்னேதான் இருந்தது. வில்சன் போன வருத்தத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்று, ஒரு பெரிய பெயரை வாங்கும்போது கொடுப்பது என்ன என்று யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. வில்சனுக்காக டென்வர், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வு, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு, அவற்றோடு மூன்று வீரர்களையும் கொடுத்தது. அந்தத் தேர்வுகளில் ஒன்றில் சியாட்டில் எடுத்த சார்ல்ஸ் கிராஸ், முதல் வருஷமே இடதுபுற டேக்கிளாக நின்று குவார்ட்டர்பேக்கைக் காத்தார். ஐந்தாம் சுற்றில் வந்த தாரிக் வூலன் எதிரணி எறிந்த பந்தை ஆறு முறை பறித்தார் (இன்டர்செப்ஷன்). பல வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜீனோ ஸ்மித், எறிந்த பந்துகளில் 69.8 சதவீதத்தைத் தன் அணியினர் கையில் சேர்த்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அந்தப் பக்கம் டென்வர் சீசன் முழுக்க எடுத்தது 287 புள்ளி. 32 அணிகளில் அதுதான் கடைசி.

அந்த சீசனில் இரண்டு அணிக்கும் முதல் ஆட்டமே இங்கே சியாட்டில் மைதானமான லூமன் ஃபீல்டில். டென்வர் ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது, கடைசி நிமிஷம், நாலாவது டவுன் என்ற கடைசி வாய்ப்பு, பந்தைத் தக்கவைக்க ஐந்து யார்டு வேண்டும். கடிகாரத்தை நிறுத்தக் கையில் டைம்அவுட் இருக்கிறது, அத்தனை விலை கொடுத்து வாங்கிய குவார்ட்டர்பேக்கும் நிற்கிறார். புதுக் கோச் நதானியல் ஹாக்கெட் கடிகாரத்தை ஓடவிட்டுவிட்டு 64 யார்டு தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் ஃபீல்டு கோல் அடிக்கச் சொன்னார். பந்து வெளியே போனது. 17-16 என்று சியாட்டில் ஜெயித்தது. குவார்ட்டர்பேக்கும் புதுசு, கோச்சும் புதுசு, ஆட்டமுறையும் புதுசு. அவை ஒன்றோடொன்று பொருந்த நாளாகும் என்பதற்கு யாருமே கணக்கில் இடம் விடவில்லை. சீசன் முடியும் முன்பே ஹாக்கெட்டை அனுப்பிவிட்டார்கள்.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2022-ல் மின்னசோட்டா வைகிங்ஸ் 13-4. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் 11-0! ஆனால் மொத்தத்தில் எடுத்த புள்ளியைவிடக் கொடுத்தது மூன்று அதிகம். அடுத்த வருஷம் 7-10. குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் நடுவில் காயம்பட்டு வெளியேறியதும் ஒரு காரணம்தான், ஆனால் அந்த 13 நிலைக்காது என்பது முன்பே எழுதியிருந்தது.

புது ஆட்களால் ஒன்றும் மாறாது என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டன் 2023-ல் 4-13; புதுக் கோச் டான் குவின், புதுமுகக் குவார்ட்டர்பேக் ஜெய்டன் டேனியல்ஸ் வந்ததும் 2024-ல் 12-5. ஹூஸ்டனும் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் வந்த வருஷம் மூன்று வெற்றியிலிருந்து பத்துக்குப் போனது. இப்படி நடக்கத்தான் செய்கிறது. ஆனால் இவற்றைக் காட்டி ஒவ்வொரு கோடையிலும் ஏழெட்டு அணிகளுக்கு ஏழெட்டு வெற்றி கூட்டுகிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2023-ல் புதிதாக வந்த குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸை நம்பி நியூயார்க் ஜெட்ஸ் மேல் எத்தனை பேர் எவ்வளவு எதிர்பார்ப்பு வைத்தார்கள்! நாலாவது பிளேயில் குதிகால் தசைநார் அறுந்து அவர் சீசன் முடிந்தது, அணி 7-10.

அதனால் எவ்வளவு பெரிய மாற்றமானாலும், போன சீசனில் எடுத்த, கொடுத்த புள்ளிகளின் வித்தியாசம் சொல்லும் வெற்றி எண்ணிலிருந்து மூன்று வெற்றிக்கு மேல் நான் ஏற்றுவதோ இறக்குவதோ இல்லை. வாஷிங்டன் மாதிரி ஓர் அணி வந்தால் அதில் தோற்பேன் என்று தெரிந்தேதான் இந்த வரம்பை வைத்திருக்கிறேன்.

ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்கும் முன் 32 அணிக்கும் நான் எதிர்பார்க்கும் வெற்றி எண்ணை இங்கே போடுகிறேன். நீங்களும் போடுங்கள். பக்கத்திலேயே போன சீசன் புள்ளி வித்தியாசத்தையும் எழுதிவிடுங்கள், ஜனவரியில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.