ஹேஸலும் ஆலிஸும்: மெருகு போடாத இரண்டு குரல்கள்

ஹேஸல் டிக்கன்ஸ் பாடுவதை முதல்முறை கேட்கிறவர்களில் பலர் அரை நிமிடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். "என்ன இது, கத்துற மாதிரி இருக்கே" என்று என்னிடம் சிலர் நேராகவே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்கப் பாடகியர் ஹேஸல் டிக்கன்ஸ், ஆலிஸ் ஜெரார்ட் ஜோடி 1960களிலும் 70களிலும் பாடிய, கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பாட்டுகளில் ஒரு பிசிறு இருக்கிறது, கூர்மை இருக்கிறது. அதைக் குறை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. அந்தக் குரல் எங்கே பழகியது என்று தெரிந்துகொண்டால் கேட்கிற காதும் மாறிவிடும்.

மேற்கு வர்ஜீனியாவின் மெர்சர் கவுண்டி, நிலக்கரிச் சுரங்கப் பகுதி. ஹேஸல் அங்கே பதினொரு பிள்ளைகளில் எட்டாவதாகப் பிறந்தவர். அப்பா சுரங்கங்களுக்கு மரம் ஏற்றிப்போவார். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பார். பழைய முறை மாறாத ப்ரிமிடிவ் பாப்டிஸ்ட் என்ற கிறித்தவச் சபையின் போதகரும் அவர்தான். இந்தச் சபையின் வழிபாட்டில் ஆர்கன் கிடையாது, பியானோ கிடையாது, கிடார்கூடக் கிடையாது. வெறும் மனிதக் குரல்தான். இந்த மலைப்பகுதியின் பழைய பாப்டிஸ்ட் சபைகளில் ஒருவர் முன்னின்று பாட்டின் ஒரு வரியை வேகமாகச் சொல்லிக்கொடுப்பார். சபை அந்த வரியை வாங்கி, மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடும். தாளம் போட ஆள் இல்லை. ஒவ்வொருவரும் தனக்கு வந்தபடி சுரத்தை வளைத்துக்கொள்வார்கள். ஒரு பாட்டியின் குரல் மற்றவர்களைத் தாண்டி மேலே போனால், கொஞ்சம் குறைத்துப் பாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த முறை 17ஆம் நூற்றாண்டு பிரிட்டனிலிருந்து வந்தது. படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு, பாட்டுப் புத்தகங்களும் குறைவு என்பதால் வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு எழுத்தறிவு பரவிப் புத்தகங்கள் பெருகியதும் பல இடங்களில் இதைக் கைவிட்டுவிட்டார்கள். மலைச் சபைகள் விடவில்லை. தெற்கில் கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளும் விடவில்லை. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம்தானே! இதை வெள்ளைக்காரர்களின் கலப்பில்லாத இசை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, அப்படிப்பட்ட சபையில் வளர்ந்த பெண்ணின் குரல் எப்படி இருக்கும்? மைக் இல்லை, வாத்தியத் துணை இல்லை, கைதட்ட ஆள் இல்லை. கேட்பவரை மகிழ்விக்க வேண்டும் என்ற எண்ணமே அதில் இருக்காது. துக்கத்தை மறைக்காமல் வெளியே வைக்கும். ஹேஸல் பாடும்போது நமக்குக் கேட்பது அதுதான்.

அப்புறம் ஊரை விட்டுக் கிளம்புகிற கதை வருகிறது. சுரங்கத்துக்குள் இயந்திரங்கள் வந்து ஆட்களின் வேலையைப் பறித்தன. மலைக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் பால்டிமோர், டெட்ராய்ட், சின்சினாட்டி என்று பெயர்ந்தன. ஹேஸலும் 1950களின் தொடக்கத்தில் பால்டிமோர் வந்து தொழிற்சாலை வேலைக்குப் போனார். அவருடைய அண்ணன் ஒருவர் அங்கே காசநோய் மருத்துவமனையில் நோயாளியாக இருந்தார். ராணுவத்தில் சேர மனசாட்சி இடம் தரவில்லை என்று மறுத்து, அதற்கு மாற்றாக அதே மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் இசைக்கலைஞர் மைக் சீகர், புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகருக்கு ஒரே அப்பா, வேறு அம்மா வழியில் தம்பி. இவர் வழியாகத்தான் டிக்கன்ஸ் வீட்டுப் பாட்டு வெளி உலகத்துக்கு வந்தது. ஓல்ட் டைம் இசை, அதாவது இந்தப் பழைய மலை இசை என்றதும் மலைமேல் ஒரு மரக்குடிசை, வாசலில் ஒரு தாத்தா என்று படம் போடுகிறார்கள். நான் சொல்லும் இசை நகரத்தில், ஷிப்ட் முடித்து வந்தவர்கள் வாடகை வீட்டில் உட்கார்ந்து பாடியது. ஊர் ஏக்கம் இல்லையென்றால் இது இவ்வளவு கூர்மையாக வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆலிஸ் ஜெரார்ட் வந்த வழி முற்றிலும் வேறு. 1934இல் சியாட்டிலில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர். ஒஹையோவில் கல்லூரியில் படிக்கும்போது, ஹாரி ஸ்மித் 1952இல் தொகுத்த 84 பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டார். அங்கிருந்து இந்த இசையைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை. மலையில் பிறக்காதவருக்கு இதில் என்ன உரிமை என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் இருந்ததைத் தன் வசதிக்கு வழவழப்பாக்காமல், அதன் கரடுமுரடோடு ஏற்றுக்கொண்டாரே, அதுவே அவருடைய உரிமை. மூத்த கலைஞர்களைத் தேடிப் போய்ப் பழகினார். 1987இல் 'ஓல்ட் டைம் ஹெரால்ட்' பத்திரிகையைத் தொடங்கினார்.

இரண்டு பேர் சேர்ந்து பாடுவது அந்த இசையில் ஏற்கெனவே பெரிய மரபு. மன்றோ சகோதரர்கள், லூவின் சகோதரர்கள், ஸ்டான்லி சகோதரர்கள் என்று வரிசையாக அண்ணன் தம்பிகள். ஒரே வீட்டுக் குரல்கள் என்பதால் ஒன்றோடொன்று கலந்துவிடும். மலை இசையிலிருந்து வளர்ந்த புளூகிராஸ் என்ற பாணியில், குழுவைப் பெண்கள் முன்னின்று நடத்துவது அரிதாக இருந்த காலத்தில் ஹேஸலும் ஆலிஸும் அந்த ஆண்களின் பாணியையே கையில் எடுத்தார்கள். பல பாட்டுகளில் ஆலிஸ் முதன்மைக் குரலைப் பிடித்துக்கொள்ள, ஹேஸல் அதற்கு மேலே ஏறிப் பாடுவார். இரண்டு குரலும் கலந்து ஒன்றாகிவிடாது. நடுவில் ஒரு சின்ன இடைவெளி எப்போதும் தெரியும். எனக்கு அந்த இடைவெளிதான் வேண்டும். இருவர் வாழ்க்கையும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. 1965இல் போக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் சப்பி வைஸ் பிடிலும் டேவிட் கிரிஸ்மன் மாண்டலினும் வாசித்திருக்கிறார்கள். அவ்வளவு தேர்ந்த வாசிப்புக்கு நடுவிலும் குரல்கள்தான் முன்னால் நிற்கின்றன.

அடுத்த ஆண்டு ஆன் ரொமெய்ன், பெர்னிஸ் ஜான்சன் ரீகன் என்ற இரண்டு பெண்கள், கறுப்பின, வெள்ளையினக் கலைஞர்களை ஒரே மேடையில் ஏற்றித் தெற்கு மாநிலங்களில் ஊர் ஊராக அழைத்துப்போனார்கள். 1966இல், அதுவும் நிறவெறி ஊறிப்போன தெற்கில்! ஹேஸலும் ஆலிஸும் அந்தப் பயணங்களில் பாடினார்கள். ஹேஸலின் அரசியல் அங்கேதான் கூர்மைப்பட்டது.

எனக்குக் கிறித்தவ நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஹேஸல் எழுதிய காஸ்பல் பாட்டு, அதாவது கிறித்தவ பக்திப் பாட்டு ஒன்று என்னை விடுவதில்லை. 'ஓன்ட் யூ கம் அண்ட் சிங் பார் மீ' என்று பெயர். சாகக் கிடக்கும் ஒருவர், நான் போகுமுன் வந்து எனக்காகப் பாடுவீர்களா என்று சபைக்காரர்களைக் கேட்கிறார். தேவதூதர்கள் அழைக்கிறார்கள் என்பது பாட்டில் வருகிறது. ஆனால் மன்றாடிக் கேட்பது மனிதர்களைத்தான். மோட்சம் இருக்கிறதோ இல்லையோ, கடைசி நேரத்தில் கூடப் பாடிய ஆட்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இருக்காது?

இந்தக் குரலைத்தான் அவர் சுரங்கத் தொழிலாளிகளிடமும் கொண்டுபோனார். 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் பார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் செத்தார்கள். ஹேஸல் அதைப் பாட்டாக்கினார். அவருடைய அண்ணன் தர்மன், கரித்தூசு நுரையீரலில் படிந்து வரும் நோயால் இறந்தார். அதற்கும் ஒரு பாட்டு எழுதினார். அதை வாத்தியமே இல்லாமல், சபையில் பாடுவதுபோல் பாடுவார். கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் கவுண்டியில் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றி பார்பரா கோப்பிள் எடுத்து ஆஸ்கர் வாங்கிய 1976ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் ஹேஸலின் குரல் ஒலிக்கிறது. அப்பாவின் சபையில் பழகாத ஒருவர் அந்தப் பாட்டுகளை இப்படிப் பாடியிருக்க முடியாது. பக்தியையும் போராட்டத்தையும் இரண்டு பெட்டிகளில் போட்டு வைக்கிற இசைத் தொகுப்புகள் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

ஜோடி 1976 வாக்கில் பிரிந்தது. ஹேஸல் 2011இல் இறந்தார். புளூகிராஸ் உலகம் இருவரையும் சேர்த்துத் தன் ஹால் ஆப் பேம் என்ற கௌரவப் பட்டியலில் ஏற்றியது 2017இல். ரொம்பத் தாமதம்.

கேட்க நினைப்பவர்கள் 1973இல் ரவுண்டர் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் தொடங்குங்கள். பாடகியர் நயோமி ஜட்டும் மகள் வைனோனாவும் கென்டக்கியில் இருந்தபோது, இவர்களுடைய இசைத்தட்டைக் கேட்டுத்தான் சேர்ந்து பாடப் பழகினார்கள். அதன் பிறகு 1965ஆம் ஆண்டுத் தட்டுக்குப் போங்கள். பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள், ஒரு பாட்டையாவது முழுசாகக் கேளுங்கள். அதற்குப் பிறகும் கத்தல் என்று தோன்றினால் இங்கேயே வந்து சொல்லுங்கள், பேசுவோம்.