மாரே பகுதியை விட்டுவிடாதீர்கள்

பாரிஸில் கடை பார்க்க ஷான்ஸெலிஸே என்ற பெரிய கடைவீதி ஒன்றே போதும் என்று நான் படித்த ஒரு பயணக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கிருக்கும் பெரிய பிராண்டுகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் கிடைக்கின்றன. ஆற அமர நடந்து, பார்த்து, வாங்க அதே நகரின் பழைய மாரே பகுதிதான் சரி.

முதலில் வோஜ் சதுக்கம் போங்கள். நான்காம் ஹென்றி மன்னர் தொடங்கி 1612இல் திறக்கப்பட்டது. நாலு பக்கமும் ஒரே மாதிரி செங்கல் மாளிகைகள், கீழே வளைவு வளைவாக நடைபாதை, அதில் ஓவியக் கூடங்கள். மூலை வீட்டில் எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1832 முதல் 1848 வரை குடியிருந்தார். இப்போது அருங்காட்சியகம், நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. பக்கத்திலேயே நகர வரலாற்றைச் சொல்லும் கார்னாவாலே அருங்காட்சியகமும் அப்படித்தான். இரண்டுக்கும் திங்கள் விடுமுறை.

இவ்வளவு அழகும் இடிபடாமல் தப்பியதற்கு 1962இல் பிரான்ஸின் பண்பாட்டு அமைச்சர் மால்ரோ பழைய நகர்ப் பகுதிகளுக்காகக் கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டம் முக்கியக் காரணம். நம் ஊர்ப் பழைய தெருக்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

ஃப்ரான் பூர்ஷுவா தெருவில் ஞாயிறன்றும் பெரும்பாலான கடைகள் திறந்திருக்கும். பசித்தால் ரோஸியே தெருவில் ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை, சைவர்களுக்கும் ஏற்றது.

அப்புறம், சுற்றுலா விசாவில் போகிறவர்கள் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பப் பெற வாய்ப்புண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அதைப் பதிவு செய்துவிடுங்கள்.