சிக்னலில் இன்ஜின் தூங்கும், ஏசி தூங்காது

லெக்ஸஸ் இஎஸ் 300எச் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ்தான். சென்னைக்குள் லிட்டருக்கு 16 வருகிறது. காகிதத்தில் இருக்கும் 22.37 சோதனைக்கூடத்துக் கணக்கு, அதை விடுங்கள்.

முன்பு வைத்திருந்த ஜெர்மன் டீசல் செடான் ஊருக்குள் 10 கொடுத்தது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியும், கிட்டத்தட்ட 3,000 ரூபாய் மிச்சம். 60 லட்சத்துக்கு மேல் கொட்டிவிட்டு 3,000 மிச்சம் பிடிக்கிறாயா என்று மாமனார் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நான் வாங்கியது அதற்காக இல்லை.

மே மாதம், மதியம் 2 மணி, சோழிங்கநல்லூர் சிக்னல். மெட்ரோ வேலையில் பாதி ரோடு காணாமல் போயிருக்கும். டீசல் வண்டி நின்றதும் தானாக இன்ஜினை அணைக்கும். ஏசி கம்ப்ரசர் இன்ஜின் பெல்ட்டில் ஓடுவதால் அதுவும் கூடவே நிற்கும். அரை நிமிடத்தில் வெறும் காற்றுதான் வரும். அதனால் தினமும் வண்டியை எடுத்ததும் அந்த ஸ்டார்ட்-ஸ்டாப் பட்டனை அணைப்பதுதான் முதல் வேலை. ஹைபிரிட்டில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. இன்ஜின் அணைந்தே கிடக்கும், குளிர் குறையாது. பேட்டரி இறங்கினால் இன்ஜின் எழுந்து கொஞ்சம் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். பக்கத்து பஸ்ஸின் உறுமல் மட்டும்தான் கேட்கும்.

அப்புறம் அந்த டிபிஎஃப் விளக்கு. டீசல் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அது. நன்றாகச் சூடேறினால்தான் கரி எரியும், ஊருக்குள் ஊர்ந்தால் அடைத்துக்கொள்ளும். சர்வீஸில் கேட்டால், "ஹைவேல ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை மெனக்கெட்டு செங்கல்பட்டு வரை போய்த் திரும்பியிருக்கிறேன், வடிகட்டியைச் சுத்தம் செய்ய!

சரி, ஹைபிரிட்டில் குறையே இல்லையா? இருக்கிறது. திண்டிவனம் தாண்டி லாரியை ஓவர்டேக் செய்ய அழுத்தினால் இன்ஜின் முதலில் கத்தும், வேகம் பின்னால்தான் வரும். பிஎம்டபிள்யூ 520டி, மெர்சிடிஸ் இ 220டி மாதிரி டீசல்களில் 400 நியூட்டன் மீட்டருக்குக் குறையாத டார்க். அந்த இழுவை இதில் கிடையாது. ஹைவே மைலேஜிலும் டீசல் ஒரு படி மேல்தான். மாதம் நாலு தடவை மதுரை போகிறவர் என்றால் யோசிக்காமல் டீசலே எடுங்கள். இன்னொன்று, பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது காற்று இழுக்கும் துவாரமும் அங்கேதான். கட்டைப்பையை அதன்மேல் சாத்தி வைக்காதே என்று வீட்டில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டியை நிறுத்தித் தரும் வாலே பையனிடம் சாவியைக் கொடுத்தேன். பட்டனை அழுத்தினான், சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினான், இருந்த விளக்கும் போய்விட்டது. இப்படி மூன்று தடவை. "தம்பி, பிரேக்கை மிதிச்சு ஒரே ஒரு தடவை அழுத்துங்க. 'ரெடி'ன்னு வந்தா வண்டி ஓடுதுன்னு அர்த்தம்" என்றேன். நம்பிக்கையே இல்லாமல் காலை எடுத்தான். வண்டி நகர்ந்தது.

"சார், யாரோ பின்னாடி தள்ளுற மாதிரி இருக்கு."