கார்கிலில் விமானங்கள் எதைச் சாதித்தன?

ஒவ்வோர் ஆண்டும் கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 நெருங்கும்போது, கார்கில் போரை வென்று கொடுத்தது பீரங்கியா விமானமா என்ற வழக்கு முகநூலில் மறுபடியும் விசாரணைக்கு வந்துவிடுகிறது. ஒரு சாரார் டைகர் ஹில் என்ற மலைமுகட்டின் மீது லேசர் குண்டு (லேசர் ஒளி வழிகாட்டும் குண்டு) விழும் காணொளியைப் போட்டு, அதோடு பேச்சு முடிந்தது என்கிறார்கள். மறுசாரார் போஃபர்ஸ் பீரங்கியின் படத்தைப் போட்டு, விமானங்கள் வானத்தில் வட்டமடித்ததோடு சரி என்கிறார்கள். விமானம் எத்தனை பதுங்குகுழிகளை உடைத்தது என்று இருவருமே கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கே தவறு என்பது என் எண்ணம். ஊடுருவி வந்து மலையுச்சியில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தான் வீரனுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த ரொட்டிக்கும் தோட்டாவுக்கும் என்ன ஆனது என்றுதான் கேட்க வேண்டும்.

நம் எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டது 1971-இன் லோங்கேவாலா. ராஜஸ்தான் பாலைவனத்தில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் ஏறத்தாழ 120 வீரர்கள் டிசம்பர் 4 இரவு முழுவதும் ஒரு பாகிஸ்தான் டாங்கிப் படையை எதிர்த்து நின்றார்கள். ஜெய்சல்மரில் இருந்த ஹண்டர் விமானங்களால் இருளில் தாக்க இயலாது என்பதால், விடியும்வரை அவர்கள் தனியாகத்தான் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. விடிந்தபின் நடந்ததை அன்று வானிலிருந்து எடுத்த ஒரு புகைப்படமே சொல்லிவிடும்: விமானத்திடமிருந்து தப்ப டாங்கிகள் சுற்றிச்சுற்றி ஓடிய தடங்கள், குழந்தை சிலேட்டில் கிறுக்கியதைப் போல மணலெங்கும் பதிந்திருக்கின்றன. ஒளிய ஒரு மரம்கூட இல்லாத நிலம், எதிரிக்குத் துணையாக ஒரு விமானம்கூட வராத வானம். இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

கார்கிலில் அனைத்தும் தலைகீழாக இருந்தன. 1999 மே 26 அன்று வான் தாக்குதல் தொடங்கியது. மறுநாளே, ராக்கெட்டுகளைச் சுட்டபின் எஞ்சின் அணைந்துபோன மிக்-27 விமானத்திலிருந்து விமானி நச்சிகேதா குதித்துச் சிறைப்பட்டார். அவரைத் தேடித் தாழப் பறந்த அஜய் அஹூஜாவின் மிக்-21, தோளில் வைத்து ஏவும் ஏவுகணைக்கு இரையாகி, அவர் உயிரிழந்தார். மே 28 அன்று டோலோலிங் முகட்டருகே ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த நால்வரும் மாண்டனர். அதன்பின் அந்த ஏவுகணை எட்டாத உயரத்துக்கு விமானங்கள் போயின. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால், பாறையும் பனியும் கலந்த முகட்டில் கல் அடுக்கிக் கட்டிய பதுங்குகுழியும் ஒரு பாறையாகத்தான் தெரியும். காற்று மெலிந்த அந்த உயரத்தில், சமவெளிக்காகப் போட்ட கணக்குப்படி வீசிய குண்டும் ராக்கெட்டும் குறி தவறின. போதாக்குறைக்கு, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அரசின் கண்டிப்பான ஆணை. எனவே இலக்கை நோக்கி விரும்பிய திசையிலிருந்து வரவும் வழியில்லை. மிக்-21 விமானிகள் கையடக்க ஜிபிஎஸ் கருவியையும் ஸ்டாப்வாட்ச்சையும் வைத்துக்கொண்டு குண்டு போட்டார்கள் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது நம் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு மட்டுமே உரிய திறமையன்று போலும்.

என் பார்வையில் இந்தப் போரின் மிகப் பயனுள்ள வான் தாக்குதல், யாரும் காணொளி பகிராத முந்தோ டாலோ தாக்குதல்தான். படாலிக் பகுதியில் ஊடுருவியவர்களின் பெரிய விநியோக முகாம் அது. கூடாரங்களும் சரக்குகளும் வெளிப்படையாகக் கிடந்த அந்த இடத்தை ஜூன் 17 அன்று மிராஜ்-2000 விமானங்கள் சாதாரணக் குண்டுகளாலேயே சிதைத்தன. பதுங்குகுழிக்குள் இருப்பவனைக் குண்டால் எட்டுவது கடினம்; அவனுக்கு மண்ணெண்ணெயும் மாவும் வரும் முகாமை எட்டுவது அத்தனை கடினமன்று. பதினாறாயிரம் அடி உயரத்தில் கையிருப்பு தீர்ந்துபோனால் ஒருவன் எத்தனை நாள் சண்டையிட முடியும்?

அதே படாலிக் பகுதியில்தான் நம் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன், பீகார் ரெஜிமெண்ட் வீரர்களுடன் ஜூபர் முகட்டில் ஏறி, மே 29 அன்று வீழ்ந்தார். முந்தோ டாலோ தாக்கப்பட்டது அதற்கு இரண்டரை வாரங்களுக்குப் பின்னர். அவருடைய உடலை ஜூலையில்தான் மீட்க முடிந்தது. விநியோகத்தை அறுக்கும் வேலையை விமானங்கள் முதல் வாரத்திலேயே தொடங்கியிருந்தால் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. ஆனால் தரைப்படை முதலில் கேட்டது தாக்குதல் ஹெலிகாப்டர்களை. அவை அந்த உயரத்துக்கு ஒத்துவராது என்றது விமானப்படை. அந்த வாக்குவாதத்தில் நாட்கள் போயின. இரு படைகளின் தளபதிகளும் ஓய்வுபெற்ற பின்னரும் அதைப் பற்றி மாறுபட்டே எழுதியும் பேசியும் வந்தார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், ஹெலிகாப்டர் விஷயத்தில் விமானப்படை சொன்னது சரி. மே 28 அதைக் காட்டிவிட்டது.

டைகர் ஹில் காணொளிக்கு வருகிறேன். ஜூன் 24 அன்று மிராஜ் வீசிய லேசர் குண்டுகள் அங்கிருந்த கட்டளை நிலையைத் தாக்கியது உண்மை; எதிரியின் மன உறுதியையும் அது குலைத்திருக்கும். ஆனால் அந்தப் போரில் வீசப்பட்ட லேசர் குண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பீரங்கிகளோ 2,50,000-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன என்பது தரைப்படையின் கணக்கு. அந்த லேசர் குண்டுகள் விழுந்து ஒன்பது நாட்களுக்குப் பின், ஜூலை 3 இரவில், வீரர்கள் கயிற்றைப் பிடித்துச் செங்குத்தான பாறையில் ஏறிப்போனபோதும் உச்சியிலிருந்து துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டுதான் இருந்தன.