புண் ஆறிவிட்டது, நோய் போகவில்லை

பிள்ளைகளுக்குப் பாலியல் நலம் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பேச்செடுத்தாலே "சொல்லிக்கொடுத்தா கெட்டுப்போயிடுவாங்க" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். எத்தனை பேர் சொன்னாலும் எனக்கு இது ஒப்பவில்லை. பல நாட்டு ஆய்வுகளை வைத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டியே, இந்தக் கல்வியால் இளையோர் உறவில் இறங்குவது கூடவில்லை என்றுதான் சொல்கிறது. சரி, அதை விடுங்கள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகிறது?

உடலுறவில் தொற்றும் சிபிலிஸ் என்ற நோயை எடுத்துக்கொள்வோம். தொற்றிச் சுமார் மூன்று வாரம் கழித்து பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ ஒரு புண் வரும். வலிக்காது. பல பேர் கவனிக்கவே மாட்டார்கள். கவனித்துவிட்ட பையன் என்ன செய்வான்? பள்ளியில் கோரமான படங்களைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார்கள், வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதனால் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடுவான், ஏதோ ஒரு களிம்பை வாங்கி யாருக்கும் தெரியாமல் தடவுவான். 3 முதல் 6 வாரத்தில் புண் தானாகவே ஆறிவிடும். களிம்பு கேட்டது என்று நிம்மதியாகிவிடுவான். கிருமி உள்ளேயேதான் இருக்கும். அப்புறம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம், அதுவும் மறையும், பிறகு வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் கிடந்து மூளையையோ இதயத்தையோ பிடிக்கலாம். இத்தனைக்கும் ஆரம்பத்தில் போயிருந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு பென்சிலின் ஊசியோடு முடிகிற விஷயம். நாம் ஊட்டிய பயம் அவனை டாக்டரிடம் போகவிடாமல் தடுத்ததுதான் மிச்சம்.

"ஏதாவது அறிகுறி தெரிஞ்சா பார்த்துக்கலாம்" என்பது இன்னொரு அபத்தம். அதேபோல உடலுறவில் தொற்றும் கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே தெரியாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் பாதிக்கப்பட்டு, பிற்பாடு குழந்தைக்காக அலையும்போதுதான் விஷயமே வெளியே வரும். குணப்படுத்தக்கூடிய பால்வினைத் தொற்றுகள் மட்டுமே உலகில் ஒரு நாளைக்கு 10 லட்சத்துக்கு மேல் புதிதாக வருகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று கிருமி பார்ப்பதில்லை.

ஆணுறை பற்றிச் சொல்கிறவர்களும் "பயன்படுத்து" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். காலாவதி தேதி பார்க்க வேண்டும், பர்ஸில் மாதக்கணக்கில் வைத்து நசுக்கக் கூடாது, லேடெக்ஸ் (ரப்பர்) ஆணுறையில் எண்ணெயோ வாசலினோ பட்டால் கிழிந்துபோகலாம், ஒன்றுக்கு மேல் ஒன்று போட்டால் கூடுதல் பாதுகாப்பு கிடையாது. இதையெல்லாம் யார் சொல்வது? எச்.ஐ.வி.க்கும் கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுக்கும் ஆணுறை நல்ல தடுப்பு, தோல் உரசலில் பரவும் ஹெர்பிஸ், எச்.பி.வி. போன்ற வைரஸ்களுக்கு முழுத் தடுப்பு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கருத்தடை மாத்திரை கருவை மட்டும்தான் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. (பெரியவர்களிலேயே பாதிப் பேர் இதில் குழம்புவார்கள் என்பது என் சந்தேகம்.)

எச்.பி.வி. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொன்னால் "இந்த வயசுல எதுக்கு?" என்கிறார்கள். வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன், அதற்குத்தான். கருப்பைவாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வைரஸால் வருவது.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆணுறை கிழிந்தாலோ, யாராவது பலவந்தப்படுத்தினாலோ, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கலாம், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த 72 மணி நேரத்தில் முதல் இரண்டு நாள் "அம்மாகிட்ட எப்படிச் சொல்றது" என்ற யோசனையிலேயே போய்விட்டால், அந்த இரண்டு நாளுக்குப் பொறுப்பு பிள்ளை இல்லை, நாம்தான்.