பல்லி கூப்பிட்டது நம்மை இல்லை

நேற்று ராத்திரி டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது தலையில் தொப்பென்று ஒரு பல்லி விழுந்தது. நான் உதறி முடிப்பதற்குள் அம்மா தினசரி காலண்டரைக் கழற்றிப் பின் அட்டையைத் திருப்பிவிட்டார். தலைக்கு இடப்பக்கம் துன்பம், வலப்பக்கம் கலகம். "எந்தப் பக்கம்டா விழுந்துச்சு?" நடு உச்சியில் என்றேன். அதற்கு அந்த அட்டையில் பலன் இல்லை.

எனக்கு வந்த சந்தேகம் வேறு. தலைகீழாக ஓடுகிற பிராணி எப்படி விழும்? அதன் காலில் பசை கிடையாது. விரலுக்கு அடியில் வரிவரியாகத் தெரிவதெல்லாம் நுண்ணிய மயிர்கள். டோக்கே என்ற பெரிய பல்லி இனத்தின் ஒரு பாதத்தில் மட்டும் சுமார் 5 லட்சம். ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்கான இழைகளாகப் பிரிகிறது. அத்தனை நுனியும் சுவரைத் தொடும்போது மூலக்கூறுகளுக்கு இடையே உண்டாகும் மெல்லிய ஈர்ப்புதான் அதைத் தாங்குகிறது. கெல்லர் ஆட்டம் என்ற அமெரிக்க உயிரியலாளரின் குழுவினர் 2002இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அந்தக் கால் வழுக்குகிற இடங்களில் ஒன்று, காய்ந்த டெஃப்லான். அதாவது நம் நான்ஸ்டிக் தோசைக்கல்!

எங்கள் வீட்டில் விழுந்ததற்குக் காரணம் சண்டை. டியூப்லைட் பக்கத்தில் பூச்சிக்காக இரண்டு மோதிக்கொண்டன. தோற்றது என் தலை வழியாக ஓடிவிட்டது. வால் மட்டும் சோபாவில் கிடந்து துள்ளியது. வால் எலும்புக்கு உள்ளேயே உடைவதற்கென்று ஒரு பலவீனமான இடம் இருக்கிறது. திரும்ப முளைக்கும் வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான்.

அப்புறம் இந்த விஷம் சமாசாரம். வீட்டுப் பல்லிக்கு விஷமே கிடையாது. அதன் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், அது விழுந்த சாம்பாரைக் கொட்டுவது சரிதான். ஆனால் அந்தக் கிருமி வேலையைக் காட்டவே ஆறு மணி நேரமாவது ஆகும். 'பல்லி' என்று கேட்ட ஐந்தாம் நிமிடம் வருகிற வாந்திக்குக் காரணம் பெரும்பாலும் அருவருப்பும் பயமும்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த பல்லி குறுந்தொகையின் 16ஆம் பாட்டில் இருக்கிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது. வழிப்பறிக் கள்வர்கள் அம்பு முனையை நகத்தால் புரட்டிப் பார்க்கும்போது எழும் ஓசைபோல, கள்ளிக்காட்டில் செங்கால் பல்லி 'தன் துணை பயிரும்'. துணையைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். இன்றைக்கு உயிரியல் படித்தவர்களும் பல்லியின் சத்தம் துணைக்கும் எல்லைக்கும் என்றுதான் சொல்கிறார்கள். சங்கப் பாட்டிலேயே பல்லி சகுனம் பார்த்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் புலவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். என் ஓட்டு அவருக்குத்தான்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். முடிக்கும் நேரத்தில் சுவரிலிருந்து 'ச்சக் ச்சக்' என்று சத்தம் வந்தது. அம்மா விரலால் தரையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "பாரு, நீ சொல்றது சரின்னு பல்லியே சொல்லிடுச்சு."