நிழலைப் பார்த்து நடந்த காலம்

திருகோணமலையில் பின்னேரம் பிரட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போய்க் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது வெயில் முதுகில் அடிக்கும், நிழல் முன்னால் விழும். பதினைந்து வயதில் நான் அந்த நிழலைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். கை அதிகம் ஆடுகிறதா? இடுப்பு வளைகிறதா? வழியில் மேயும் மான்களுக்கு இந்தக் கவலை ஒன்றும் கிடையாது.

அப்போது டியூஷனில் ஒரு பெடியன். மெல்லப் பேசுவான், நடையும் அப்படித்தான். அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான். அதை இங்கே எழுதக் கூசுகிறது. எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கும் மட்டும் ஒருவரும் என்னைப் பார்க்கமாட்டார்கள். கணக்கு அவ்வளவுதான்.

வீட்டில் என்னை ஒருவரும் ஏசியதில்லை. ஆண்கள் மேல் விருப்பம் வந்ததற்காக என்னை வெறுக்க நான் ஒருவனே போதுமாக இருந்தேன்.

"இது எங்கட பண்பாடில்லை" என்பார்கள். சரி, எங்களைக் குற்றவாளியாக்கும் 365ஆம் பிரிவு யாருடைய பண்பாடு? 1883இல் வெள்ளைக்காரன் எழுதி வைத்த தண்டனைச் சட்டக்கோவை அது. 1995இல் நாங்கள் அதன் 365A பிரிவைத் திருத்தினோம், பெண்களையும் உள்ளே இழுப்பதற்கு! உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. 2023 மே மாதம், அந்தப் பிரிவுகளை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றமும் சொன்னது. சட்டமூலம்தான் பாராளுமன்றத்தைத் தாண்டவில்லை. அதனால் "வெளியே வந்து சொல்லு" என்று நான் எவரையும் உந்தமாட்டேன். அது அவரவர் பாதுகாப்பு.

இவ்வளவும் வாசித்த பிறகும் கண்ணாடி முன் நின்று "நான் தன்பாலீர்ப்பாளன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறிவு வேறு, கூச்சம் வேறு. கூச்சம் கொஞ்சம் இளகியது போன வருடம், டச்பே கடற்கரையில் அந்த டியூஷன் பெடியனைக் கண்ட அன்றுதான். தோளில் மகள், கையில் கச்சான் சுருள், பக்கத்தில் மனைவி. மெல்ல நடப்பதற்கும் ஆர் மேல் விருப்பம் வருகிறது என்பதற்கும் சம்பந்தமில்லை என்பதுகூட அந்த வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மச்சான், அந்தப் பேர் நான் வைச்சது."

"தெரியும்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஏன் வைச்சனி எண்டும் தெரியும்."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவனுக்கில்லை. ஆனால் என்னைத் தெரிந்த ஒருவன் என் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டு நின்றான். அன்றிரவு அந்த வசனத்தைச் சத்தமாகச் சொன்னேன். கண்ணாடி உடையவில்லை.

முழுதாகத் தேறிவிட்டேன் என்றால் அது பொய். நேற்றும் சந்தையில் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டுதான் பேசினேன். பாரை மீன் விலை கேட்க எதற்கு அந்தக் குரல்?